ரோசின் தூள்

மேசையில் மூன்று விலைமனுக்கள்.
பழைய கம்பெனி பெப்ரவரியில் கைவிரித்துவிட்டது.
அதன்பின் ஐந்து வாரம்
லாங்கந்தால் இசைப்பள்ளியை
நானும் காவலாளி ஊர்ஸும்
மாறிமாறிப் பெருக்கினோம்.
ஆகவே இந்தத் தரையை எனக்குத் தெரியும்.

மூன்றாம் மாடியில் டிரம்பெட் பிள்ளைகள்
குழாயில் தேங்கிய எச்சிலை
பாய் விரித்திருந்தாலும் பாய்க்கு வெளியேதான் உதறுவார்கள்.
செல்லோ அறையில்
நாற்காலிக்கு முன்னால் வெள்ளையாய் ஒரு வட்டம்,
கோலமாவு கொட்டிப்போனதுபோல.
வில்லிலிருந்து உதிரும் ரோசின் தூள் அது.
சுடுதண்ணீர் பட்டால் பசையாக இழுபடும்,
பிறகு கத்திதான்.
சுரண்டியிருக்கிறேன்.

முதலில் வந்தவர் திரு. ஷ்டூக்கி.
அவர் நீட்டிய பளபளப்பான அட்டையில்
சிரிக்கும் பெண்ணின் கையில்
ஒருநாளும் நனையாத மொப்.
சான்றிதழ்கள் ஏழு.
கோப்பி குடித்தார். படியேறவில்லை.
"வரைபடம் இருக்கிறதே,
சதுர மீட்டர் தெரிந்தால் போதும்."

இரண்டாவது மனு மின்னஞ்சலில்.
மாதம் எண்ணூறு பிராங் குறைவு.
கணக்காளர் பேயாட் வுத்ரிக்
அந்தத் தொகையின் கீழ் இரண்டு கோடு இழுத்து
எனக்கு அனுப்பிவைத்தார்.
நான் கால்குலேட்டரை எடுத்தேன்.
தொகையை மணிக்கூலியால் பிரித்து
வந்ததை நாட்களால் பிரித்து
அதையும் முப்பத்தோர் அறைகளால் பிரித்தால்
ஓர் அறைக்கு இரண்டரை நிமிடம்.

இரண்டரை நிமிடத்தில்
குப்பைவாளியைக் கவிழ்க்கலாம்,
விளக்கை அணைக்கலாம்.
மிச்ச வேலை எங்கிருந்து வரும்?
யாரோ ஒருத்தியின் முழங்காலிலிருந்து வரும்.
அல்லது வரவே வராது.

மூன்றாவதாக மிர்யேத்தா புயுப்பி.
கால்மணி நேரம் முந்தி வந்து
வாசல் பாயில் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.
கையில் டோர்ச்.
பெரிய பியானோவின் அடியில் மல்லாந்து படுத்து
ஒளியை அங்குமிங்கும் அடித்தார்.
வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களோடு
நான் பேசிக்கொண்டிருந்தேன்.
"வாளி நிரப்பும் குழாய் எந்த மாடியில்?" என்றன கால்கள்.
"என் ஆட்கள் கோட்டை எங்கே மாட்டுவார்கள்?"
பதினொரு வருடத்தில்
யாரும் கேட்காத கேள்வி, என்னிடம் பதிலில்லை.
செல்லோ அறையில் குனிந்து
வெள்ளை வட்டத்தைத் தொட்டு
விரலை முகர்ந்தார்.
"இதை முதலில் உறிஞ்ச வேண்டும்.
தண்ணீர் கடைசியில். அதுவும் பச்சைத்தண்ணீர்."

இருந்தாலும் வாயை நம்பி விட முடியுமா?
அவர் தந்த பட்டியலில் இருந்த
சோஃபிங்கன் பல்வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன்.
நல்ல ஆட்கள் என்றார். எல்லோரும் சொல்வது.
"ஏதாவது பிழை விட்டார்களா?"
கொஞ்சம் மௌனம்.
"ஒரு விளக்கை உடைத்தார்கள்."
பிறகு,
"நாங்கள் பார்க்குமுன் அவர்களே சொன்னார்கள்.
காலை ஆறரைக்கு. என்னை எழுப்பி."
இன்னும் கொஞ்சம் எரிச்சல் இருந்தது அந்தக் குரலில்.
மனுவின் ஓரத்தில் அதைத் தமிழில் எழுதிவைத்தேன்,
பேயாட் வாசிக்க முடியாதபடி.

கூட்டத்தில் அவர் எண்ணூறு பிராங்கைப் பற்றிக் கேட்டார்.
நான் துணியொன்றை மேசையில் வைத்து
கைபேசியில் இரண்டரை நிமிடம் ஓடவிட்டேன்.
"இந்த அறையைத் துடையுங்கள்."
சிரித்தார். துணியைத் தொடவில்லை.
ஆனால் எல்லோரும் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
யன்னல் விளிம்புத் தூசியையும்,
அது அடித்து ஓயும்வரை.
மூன்று மாதம் பரீட்சார்த்தமாக என்று எழுதிக்
கையெழுத்திட்டார்.

ஏப்ரல் முதல் திங்கள்
மிர்யேத்தாவிடம் திறப்புக் கோர்வையைக் கொடுத்தேன்.
"முப்பத்தொன்று. இங்கே ஒப்பமிடுங்கள்."
பேனாவைத் தொடாமல்
ஒவ்வொன்றாய் மேசையில் பரப்பி எண்ணினார்.
"முப்பது," என்றார்.
எனக்குக் கோபம் வந்தது.
நானும் எண்ணினேன், உரக்க.
முப்பது.

என் கோட்டுப் பையில் கிடந்தது
செல்லோ அறைத் திறப்பு,
மடித்த கத்தியோடு உரசிக்கொண்டு.